ரங்கநாதன் தெருவில் எத்தனை பேர்?

சனிக்கிழமை மாலை மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து ரங்கநாதன் தெருவில் இறங்கினால், நாம் நடக்க வேண்டியதே இல்லை. கூட்டமே நகர்த்திக்கொண்டு போய்விடுகிறது. ஹேர்கிளிப் அட்டையை ஒருவர் நீட்டுகிறார். விலை கேட்பதற்குள் நாலு கடை தாண்டிவிட்டேன்.

மக்கள் அடர்த்தி என்றால் இதுதான் என்று தோன்றும். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு இந்தக் கூட்டம் கண்ணில் படாது. தாம்பரத்துக்காரர் தாம்பரத்தில் பதிவாவார், ஆவடிக்காரர் ஆவடியில். ஷட்டர் இறங்கிய பின்னும் இங்கேயே குடியிருப்பவர்கள்தான் இந்தத் தெருவின் கணக்கு. (வீடில்லாதவர்களை மட்டும் 2011-இல் பிப்ரவரி 28 இரவு, படுத்திருந்த இடத்துக்கே போய் எண்ணினார்கள்.) அப்படி எண்ணி வந்ததுதான் சென்னை மாவட்டத்துக்குச் சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர் என்ற கணக்கு. தமிழ்நாட்டுச் சராசரி 555.

மின்சார ரயிலில் இரண்டாவது நிறுத்தம் கிண்டி. சர்தார் பட்டேல் சாலையோரம் நீளும் மதிலுக்கு அந்தப்புறம் தேசியப் பூங்கா, சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். மாவட்டத்தின் 46 லட்சம் சொச்சம் பேரை வகுத்தபோது இந்தக் காடு, ஐ.ஐ.டி. வளாகம், கூவம், அடையாறு எல்லாமே நிலப்பரப்பில் சேர்த்தி. வெளிமான் மேயும் இடத்திலும் அந்தச் சராசரி ஆட்களைக் குடிவைத்துவிடுகிறது.

எல்லைக்கோடு செய்யும் வேலை இதைவிடப் பெரிது. 2011 அக்டோபரில் மாநகராட்சி சுமார் 175 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தது. 2018-இல் மாவட்டமும் அதே அளவுக்கு வந்தது. அதே 2011 கணக்கெடுப்பில் புதிய எல்லைக்குள் வருகிறவர்களை அதன் பரப்பால் வகுத்தால் 16,000-ஐத் தொடாது. யாரும் வீடு காலி செய்யவில்லை; பெட்டி படுக்கை கட்டவில்லை. நகரங்களை வரிசைப்படுத்தும் பட்டியல்களை நான் நம்பாததற்கு இதுவே போதும்.

காந்தி மண்டபம் சாலை வழியே கோட்டூர்புரம். பழைய அடுக்குமாடி ஒன்றின் படிக்கட்டில், படிக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் குடங்கள். ஒருவர் ஏறினால் இன்னொருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும்.

“எத்தனை பேரும்மா வீட்ல?”

“ஆறு பேரு சார். ஆம்பளைங்க நைட்டு மொட்டை மாடிக்குப் போயிருவாங்க.”

இதை அளக்கச் சதுர கிலோமீட்டர் உதவாது. வீட்டுப்பட்டியல் எடுக்க வருகிறவர்கள், குடியிருக்க எத்தனை அறை, எத்தனை பேர் என்றும் கேட்டுக் குறிக்கிறார்கள். இந்த வீட்டுக்கு அங்கே விழும் பதில்: ஒரு அறை, ஆறு பேர். மொட்டை மாடிக்குக் கட்டம் கிடையாது.