திருப்போரூரில் ஒரு மௌனம்

போரைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் தலம் திருப்போரூர். முருகப்பெருமான் திருப்பரங்குன்றத்தில் நிலத்திலும், திருச்செந்தூரில் கடலிலும், இத்தலத்தில் விண்ணிலும் அசுரர்களோடு பொருதார் என்பது ஐதிகம். சமராபுரி, யுத்தபுரி என்றும் இவ்வூருக்குப் பெயர்கள் உண்டு. ஆயினும், கருவறையின் முன் நிற்கும் அன்பர்கள் உணர்வது போரை அன்று. போர் ஓய்ந்தபின் நிலவும் அமைதியை.

இங்கே மூலவரான கந்தசுவாமி, பனைமரத்தில் சுயம்புவாக வெளிப்பட்டவர். மரத்தாலான திருமேனி ஆதலால் அவருக்கு அபிஷேகம் கிடையாது. புனுகு மட்டுமே சாத்தப்படுகிறது. அபிஷேகங்கள் யாவும், ஆமை வடிவப் பீடத்தின் மீது அமைந்த சுப்பிரமணிய யந்திரத்துக்கே நடைபெறுகின்றன.

பாலும் பன்னீரும் திருமேனியில் வழியும் காட்சியைப் பிற தலங்களில் கண்டு மகிழ்ந்தவர்க்கு, மூலவர் முன்னே இங்கு எஞ்சுவது ஒன்றே: சும்மா நின்று பார்ப்பது. ஐந்து உறுப்புகளையும் உள்ளடக்கும் ஆமையை, ஐம்புலன் அடக்கத்துக்கு வள்ளுவர் உவமையாகக் காட்டினார். அந்த ஆமையே இங்கு யந்திரத்துக்குப் பீடமாகி, சொல்லின்றி உபதேசிக்கிறது.

இத்தலத்தை மீட்டளித்தவர் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிதம்பர சுவாமிகள். விருத்தாசலம் குமாரதேவரின் சீடரான அவர், மதுரை மீனாட்சியம்மையின் ஆணையால் இங்கு வந்து, பனங்காட்டில் மறைந்திருந்த மூர்த்தியைக் கண்டெடுத்து ஆலயம் எழுப்பினார் என்பர். திருப்போரூர்ச் சந்நிதிமுறையின் 726 பாடல்களும் அவர் அருளியவை. இத்தனை தொண்டுகளையும் முடித்தபின், அடுத்துள்ள கண்ணகப்பட்டில் அவர் ஒடுங்கினார். சமாதி என்பதை ஒடுக்கம் என்றே அடியார்கள் வழங்குவர். வைகாசி விசாகத்தன்று அங்கே குருபூஜை நடைபெறுகிறது.

உழைத்து ஓய்ந்த முதியோர்க்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. பிள்ளைகள் பணிக்குச் சென்றபின் வீட்டில் சூழும் அமைதி, பலருக்கும் கைவிடப்பட்டது போன்ற ஏக்கத்தைத் தருகிறது. சுவாமிகளுக்கோ, கைவேலை முடிந்த பின்பு வந்த அமைதியே வழிபாட்டின் நிறைவாயிற்று. அமைதி ஒன்றே, அதில் யாரை நினைத்து அமர்கிறோம் என்பதே வேறுபாடு.

பிரணவ மலைமேல் கயிலாசநாதர் கோயில் கொண்டுள்ளார். படியேற இயலாதோர் வருந்த வேண்டியதில்லை. சரவணப் பொய்கைக் கரையில் அமர்ந்து மலையை நோக்கி, ஆறெழுத்தை நாவசையாமல் நினைத்தாலும் போதும். கூட்டம் மிகுந்த கிருத்திகை நாளில் ஒருமுறை தரிசித்தவர்கள், சாதாரண நாளில் மறுமுறை வரலாம். அந்த அமைதியில், கேட்க வந்த வேண்டுதலையும் மறந்து நிற்பதே பெரும் பேறு.