நாக்கில் வைக்காத உப்பு

இந்தோனேசியாவில், யோக்யகர்த்தா நகரின் கவுமான் குடியிருப்புக்குள் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போக முடியாது. சந்து முனையிலேயே எஞ்சினை அணைத்து, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். சந்துகள் அவ்வளவு குறுகல். ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் கட்டுப்பாடும் அதுதான். சுல்தானின் அரண்மனைக்கு அருகே, 1773-இல் கட்டிய பெரிய பள்ளிவாசலை ஒட்டி இருக்கிறது இந்தக் குடியிருப்பு. 1912-இல் அஹ்மத் தஹ்லான் முஹம்மதியா இயக்கத்தைத் தொடங்கியதும் இங்கேதான். ரமலான் பிறையைக் கண்ணால் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்று அந்த இயக்கத்தார் காத்திருப்பதில்லை, கணக்குப் போட்டுவிடுவார்கள். 2024-இல் அரசு மார்ச் 12 அன்று நோன்பு என்று அறிவித்தது. முஹம்மதியாக்காரர்கள் 11-ஆம் தேதியே நோன்பு பிடித்துவிட்டார்கள். நான் தங்கியிருந்த வீட்டிலும் 11-தான். அதற்காக யாரும் யாரிடமும் குரல் உயர்த்தவில்லை. நம் ஊர்களில் பிறை விஷயத்துக்கு எழும் சத்தத்தை நினைத்துக்கொண்டேன்.

நோன்பு திறப்பதென்றால் எனக்குக் கஞ்சி வேண்டும். இங்கே அது இல்லை. ஜாவா தீவின் வடகரையில், செமாராங் நகரின் பெக்கோஜான் பள்ளிவாசலில் 'இந்தியக் கஞ்சி' என்றே பெயர் சொல்லி ரமலான் முழுக்க ஊற்றுகிறார்கள். இந்திய வணிகர்கள் விட்டுப்போன வழக்கம் அது. யோக்யகர்த்தாவில் இனிப்புக்குத்தான் முதலிடம். அஸர் தொழுகை முடிந்ததும் கவுமான் சந்து ஒன்று அப்படியே கடைத்தெருவாகிவிடும். இடித்த பசையரிசியில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் பலாச்சுளையும் சேர்த்த கீச்சாக், வாழைப்பழமும் வள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பாலில் வெந்த கோலாக், இவற்றுக்கு நடுவே மலை மலையாக எண்ணெய்ப் பலகாரம். மாவில் தோய்த்த தெம்பே, காய்கறி அடைத்த டோஃபு, முட்டைக்கோஸ் பக்கோடா. ஒவ்வொரு பொட்டலத்திலும் நாலைந்து பச்சை ஊசிமிளகாய். பலகாரம் ஒரு கடி, மிளகாய் ஒரு கடி என்று சாப்பிடுகிறார்கள். ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெறும் வயிற்றில் அவற்றில் மூன்றைத் தள்ளிவிட்டு தராவீஹ் தொழப் போகிறவரின் பாடுதான் பாவம். ஸஜ்தாவுக்குக் குனியும்போது எண்ணெய் தொண்டைவரை வரும்.

வீட்டுக்கார அம்மாவை எல்லாரையும் போல நானும் ஈபு என்றே கூப்பிட்டேன். அவர் என்னை மாஸ், அதாவது அண்ணன், என்றார். மலேசியாவில் வேலை பார்த்த காலத்து மலாய் எனக்குக் கைகொடுத்தது. அவர் வீட்டில் வார நாட்களில் நோன்பு திறக்கச் செய்வது பெரும்பாலும் ஒரே பதார்த்தம்தான்: ஓசெங் அயாம் தாஹு. கோழிக்கறியையும் டோஃபுவையும் அதிக எண்ணெய் இல்லாமல் வதக்கிப் பிரட்டி எடுப்பது. விருந்து வைக்கிற நாள் வேறு, இது வேறு என்பார்.

"பாதிச் சமையல் சந்தையிலேயே முடிஞ்சிடும், மாஸ்" என்றபடி காலையில் பெரிங்கர்ஜோ சந்தைக்கு அழைத்துப் போனார். கவுமானிலிருந்து நடக்கிற தூரம். டோஃபு கடையில் பத்து நிமிடம் ஆனது. தண்ணீர் நிரம்பிய வாளியில் வெள்ளை வில்லைகள் மூழ்கிக் கிடந்தன. ஈபு ஒன்றை எடுத்து விரலால் மெல்ல அழுத்தினார், மூக்கருகே கொண்டுபோனார், ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தார். நல்ல டோஃபு சட்டென உதிர வேண்டும், சோயா மணம் வீச வேண்டும். ரப்பர் போல இழுத்தால் கெடாமலிருக்க ஃபார்மலின் கலந்திருக்கிறார்கள் என்று பொருள். இந்தோனேசியாவில் இது பழைய தலைவலி. சாதாரண டோஃபு அந்த ஊர் வெக்கையில் ஒரு நாள் தாங்காது. அதனால் வாங்கியதை வீட்டில் புதுத் தண்ணீரில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தார். சீனக் குடியேறிகள் கொண்டுவந்த பண்டம் இன்று ஜாவாக்காரர்களின் அன்றாட உணவு. அதற்கான சோயாவில் பெரும்பகுதி இப்போது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது என்பது வேறு கதை.

மாலை ஐந்து மணிக்கு அடுப்பு. டோஃபுவை விரலகலத் துண்டுகளாக்கி, நசுக்கிய பூண்டும் உப்பும் கரைத்த நீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, வடித்து, வாணலியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மேல்தோல் இறுகும் வரை மட்டும் திருப்பிப் போட்டு எடுத்தார். முழுக்கப் பொரித்தால் உள்ளே மிருது போய்விடும். எலும்பில்லாத கோழிக்கறி 300 கிராம், விரல் நீளத்துக்கு மெல்லிய கீற்றுகளாக. சின்ன வெங்காயம் ஆறு, பூண்டு நாலு பல், சிவப்பு மிளகாய் இரண்டு. எதையும் அரைப்பதில்லை, எல்லாம் சாய்வாக நறுக்கியவை. கட்டைவிரல் அளவு பேரரத்தையைத் தட்டிப் போட்டார். சாலம் இலை இரண்டு. நாவல் மரத்தின் இனம் அது; பிரிஞ்சி இலைக்கு மாற்றென்று புத்தகங்கள் சொன்னாலும் வாசம் முற்றிலும் வேறு.

வெங்காயம் வாடி வாசம் எழுந்ததும் கறி உள்ளே போனது. வெளுத்த பிறகு கால் கப் தண்ணீர், வெள்ளை மிளகுத்தூள், மூடி. ஐந்து நிமிடம் கழித்து டோஃபு, ஒரு தக்காளி, கடைசியில் இரண்டு மேசைக்கரண்டி கெச்சாப் மானிஸ். கறுப்புச் சோயாவைப் புளிக்கவைத்து, பனை வகை மரங்களின் வெல்லம் சேர்த்துக் காய்ச்சிய கெட்டிச் சாறு அது. முதலிலேயே ஊற்றினால் வெல்லம் அடிப்பிடித்துக் கசந்துவிடும். நீர் சுண்டி, சாறு கறியைப் பளபளவென்று போர்த்தியதும் வெங்காயத்தாள் தூவி இறக்கினார்.

இத்தனையிலும் அவர் ஒரு துளிகூட நாக்கில் வைக்கவில்லை. சமைப்பவர் நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் சலுகை தந்திருக்கிறார்கள். என் வீட்டில் உம்மாவும் அப்படித்தான் உப்புப் பார்ப்பார்கள். கேட்டதற்கு ஈபு சிரித்தார். "அனுமதி இருக்குதான். ஆனா ஒருதடவை வைச்சா இன்னொருதடவை வைக்கத் தோணும்." அவர் நம்பியது மூக்கையும் கண்ணையும். தாளித்த வாசம் கூர்மையாக இருந்தால் பச்சை வாடை போகவில்லை. கரண்டி இழுத்த கோடு வாணலியில் ஒரு கணம் நின்றால் சாறு சரி. உப்பு ஊறவைத்த நீரிலும் கெச்சாப்பிலும் ஏற்கெனவே இருக்கிறது, தனியாகப் போடுவதே இல்லை. பல வருடக் கைப்பழக்கம் என்பதோடு, சுவை பார்க்காமல் சமைக்கத் தோதான பதார்த்தமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேங்காய்ப்பால் குழம்பிலோ பல மசாலா அரைத்த ரெண்டாங்கிலோ இந்தத் துணிச்சல் நடக்காது.

ஆறு மணிக்குச் சில நிமிடங்கள் முன்னால் பாங்கு. ஜகார்த்தாவுக்குக் கிழக்கே இருப்பதால் அந்த நகரத்துக்கு ஏறக்குறைய கால் மணி நேரம் முந்தியே இங்கே பொழுது சாய்ந்துவிடும். தொலைக்காட்சியில் ஜகார்த்தாவின் பாங்கு வரும்போது நாங்கள் பேரீச்சம்பழமும் சூடான இனிப்புத் தேநீரும் கீச்சாக்கும் முடித்து, மஃக்ரிபும் தொழுதுவிட்டோம். அதன்பின்தான் சோறு. ஏழு மணி சுமாருக்கு இஷா, தொடர்ந்து தராவீஹ். முஹம்மதியா வழக்கத்தில் தராவீஹ் எட்டு ரக்அத், வித்ரு மூன்று. நடுவே கிடைப்பது ஒரு மணி நேரமே. அதற்குள் சாப்பிட்டுச் செரிக்கவும் வேண்டுமென்றால் இதுபோல ஒன்றுதான் சரிப்படும்.

உப்பு சரியாக இருந்தது. இனிப்பு என் நாக்குக்கு ஒரு படி கூடுதல். யோக்யகர்த்தாவில் எந்தச் சமையலுக்கும் அந்தக் குணம் உண்டு. ஊசிமிளகாய் இரண்டைக் கடித்து ஈடுகட்டிக்கொண்டேன். டோஃபுதான் அன்றைய வெற்றி. மேல்தோல் சாற்றைக் குடித்திருந்தது, உள்ளே பால்போல வெண்மை. கறியைவிட அதுவே முதலில் தீர்ந்தது. தராவீஹ் முழுக்க வயிறு எந்த முறையீடும் செய்யவில்லை.

நம் ஊரில் செய்ய நினைப்பவர்களுக்கு: கெச்சாப் மானிஸ் கிடைக்காவிட்டால் சோயா சாஸும் தட்டிய கருப்பட்டியும் சம அளவு எடுத்து, ஒரு அன்னாசிப்பூ போட்டுச் சிறு தீயில் கெட்டியாகும் வரை காய்ச்சுங்கள். பேரரத்தை நாட்டு மருந்துக் கடையில் காய்ந்ததாகவாவது கிடைக்கும். சாலம் இலை கிடைக்காது, விட்டுவிடலாம். உப்பை மட்டும் தனியாகப் போடாதீர்கள், ஊறவைத்த நீரிலும் சாஸிலும் இருப்பதே போதும்.