சிப்பிக்குள் ஒரு சாப்பாடு

பெல்ஜியத்தில் 'மூல் ஃப்ரீட்' என்று சொன்னால் பலருக்கு நாக்கில் நீர் ஊறும். கருநிறக் கடல் சிப்பியும் பொரித்த உருளைக்கிழங்கும்தான். ஓட்டலில் குடும்பத்தோடு உட்கார்ந்தால் பர்ஸ் அழுதுவிடும். வீட்டிலோ சொற்பச் செலவு. சைவ வாசகிகளே, பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், கிழங்கு உங்களுக்குத்தான்!

பிரஸ்ஸல்ஸில் நான் தங்கியிருந்த வீட்டு அம்மாள் ஆளுக்கு 1 கிலோ சிப்பி வாங்குவார். மலைக்காதீர்கள், பெரும்பகுதி ஓடும் தண்ணீரும்தான். ஹாலந்தின் ஸீலண்டுக் கடலில் வளர்பவை அவை. தீனி போட வேண்டியதில்லை. கடல்நீரை வடிகட்டியே வயிறு வளர்க்கும்.

அம்மாளின் சாமர்த்தியமெல்லாம் பொறுக்குவதில்தான். உயிருள்ளதைத்தான் சமைக்க வேண்டும். ஓடு உடைந்தது குப்பைக்கு. வாய் திறந்திருப்பதை ஒரு தட்டு தட்டுவார். மூடிக்கொண்டால் சரி, இல்லாவிட்டால் அதுவும் குப்பைக்கு. வெந்த பின்பும் திறக்காததற்கு அதே கதி. காசைப் பார்த்தால் குழந்தைகள் வயிறு என்ன ஆவது?

வெண்ணெயில் வெங்காயமும் செலரித் தண்டும் வதக்கி, சிப்பியைக் கொட்டி, சிறிது வெள்ளை ஒயினோ வெறும் தண்ணீரோ விட்டு மூடுங்கள். ஐந்தாறு நிமிஷத்தில் திறந்துகொள்ளும். உப்பு வேண்டாம், கடலே உள்ளே இருக்கிறது.

கிழங்கை இரண்டு தடவை பொரிக்க வேண்டும். முதலில் மிதமான சூட்டில், நிறம் மாறாமல். ஆறிய பின் நல்ல சூட்டில். அப்போதுதான் மொறுமொறுப்பு. அங்கே கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதுண்டு, விசாரித்து வாங்குங்கள்.

முள்கரண்டி எதற்கு? காலி ஓட்டை இடுக்கியாக்கி அடுத்த சிப்பியின் சதையைக் கிள்ளி எடுக்கிறார்கள். அடியில் தேங்கும் சாற்றுக்கு ஒரு துண்டு ரொட்டி.