கடல் வழிவிடும் நேரம்

மகளோடு பிரித்தானியாவையும் அயர்லாந்தையும் சுற்றிவர மூன்று வாரங்கள் கிடைத்தன. 21 நாட்களுக்கு 18 ஊர்களை நான் குறித்து வைத்தேன்: ஆக்ஸ்போர்டில் ஜி. யு. போப்பின் கல்லறை, ஐயோனா தீவு, ஏமி கார்மைக்கேல் 1867-இல் பிறந்த மில்லைல் என நீண்டது பட்டியல். மகள் அதை வாசித்துவிட்டு, "அப்பா, நாம் பேசிக்கொள்ள எந்த நாள்?" என்றாள். தை மாதத்தில் அவளுக்குத் திருமணம். என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவு லிண்டிஸ்பார்னைப் பற்றி வாசித்தேன். 635-இல் எய்டன் மடம் நிறுவிய தீவு அது. அங்கே செல்லும் சாலையை நாள்தோறும் இருமுறை கடல் மூடிவிடுகிறது. அட்டவணை பார்த்தே கடக்கவேண்டும். அவசரப்படுகிறவன் நடுவழியில் அகப்படுவான். நீர் சூழ்ந்தபின் தீவிலிருப்பவர்கள் எங்கும் போக இயலாது, காத்திருக்கத்தான் வேண்டும். எனக்குத் தேவைப்பட்டது அதுவே.

11 ஊர்களை நீக்கினேன். போப்பின் கல்லறையும் போயிற்று, மனம் வலித்தது. லிண்டிஸ்பார்னுக்கு மூன்று இரவுகள் எழுதினேன்.

பிரியமானவர்களே, பிள்ளைகளுக்காக எத்தனையோ திட்டமிடுகிறோம். அவர்களோடு அமர்ந்திருக்கும் நேரத்தை அதில் எங்கே எழுதியிருக்கிறோம்? வேலை மிகுந்த சீஷர்களை இளைப்பாறும்படி தனியே அழைத்தவர் நம்மையும் அழைக்கிறார். கடல் வழிவிடும்போதே கடந்துவிடுங்கள்.