நழுவினால்?

முதலில் நினைவுக்கு வருவது சுக்கு வாசனைதான். மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் கால் வைத்தாலே கிடங்குகளிலிருந்து சுக்கும் மிளகும் மூக்கில் ஏறும். எண்பதுகளில் எர்ணாகுளத்தில் வேலை எனக்கு. மிளகுக் கணக்கு பார்க்க அடிக்கடி படகேறி அங்கே போவேன். ஒருநாள் சாயங்காலம், மழை விட்டிருந்த நேரம், தெருக்கோடியில் மணிக்கூண்டுக்குக் கீழே பாட்டுச் சத்தம். 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் அது. அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் நின்றேன்.

சிம்ஹத் தோரா என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். வருடம் முழுக்க வாரம் ஒரு பகுதியாக வாசித்து வந்த யூத வேதமான தோராவை அன்றைக்குத்தான் முடிப்பார்களாம். முடித்த கையோடு, மூச்சு விடாமல், ஆதியாகமத்தின் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கிவிடுவார்களாம். அந்தச் சந்தோஷத்துக்குத்தான் சுருள்களை வெளியே எடுத்து ஏழு சுற்று ஆட்டம்.

சுருள் என்றதும் ஏதோ காகிதச் சுருளைத்தான் நினைத்திருந்தேன். கொச்சியில் அது உருண்டையான ஒரு பெட்டிக்குள் நின்றவாக்கில் இருக்கிறது. பெட்டிக்கு வெள்ளித் தகடு, தலையில் கிரீடம். திருவிதாங்கூர் மகாராஜா 1805-இல் கொடுத்த பொற்கிரீடம்கூட அந்த ஆலயத்தில் உண்டு. அந்தப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி வேட்டியும் கால்சட்டையுமாக ஒரு சில ஆண்கள் ஆலயத்தைச் சுற்றி வந்தார்கள். கொச்சி யூதர்களில் பெரும்பாலானோர் ஐம்பதுகளிலேயே இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். ஆட்டம் என்று சொன்னாலும் பாதி நடைதான்.

"நழுவி விழுந்தால்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வீழில்லா மோனே" என்றார். கொஞ்சம் கழித்து அவரே, "வீணால் நாற்பது நாள் உபவாசம்" என்றார். போட்டவருக்கு மட்டுமில்லையாம். விழுந்ததைப் பார்த்தவர்களுக்கும்தானாம்.

அப்போது என் மகளுக்கு மூன்று மாதம். நாகர்கோவிலில் மாமியார் வீட்டில் இருந்தாள். அவளைத் தூக்கும்போதெல்லாம் என் முழங்கால் நடுங்கும். அதனால்தான் அந்தக் கேள்வி வந்ததோ என்னவோ.

இதைப் பற்றிப் படித்ததெல்லாம் பிற்பாடுதான். பண்டிகை நாளில் ஆடக்கூடாது, கைதட்டக்கூடாது என்கிறது யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. ஆட்டம் என்றால் வாத்தியம் வரும், வாத்தியம் கெட்டால் யாராவது சரிசெய்ய உட்கார்ந்துவிடுவார்கள், அது வேலை ஆகிவிடும் என்ற பயம். (எங்கள் ஆபீசில் இப்படி முன்யோசனையோடு ஒரு விதியும் போட்டதில்லை.) 1038-இல் இறந்த பாபிலோனிய ஞானி ஹாய் காவோன் இந்த ஒரு நாளுக்கு விலக்குக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். தோராவின் மரியாதைக்காக என்றால் ஆடலாம். சுருளோடு சுற்றிவரும் வழக்கம் பதினாறாம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் ஊரில் யூத ஞானி ஐசக் லூரியாவின் வட்டத்தால் வலுப்பெற்றுப் பரவியது. சில ஊர்களில் எல்லாச் சுருளையும் எடுத்த பிறகு, வெறுமையாகக் கிடக்கும் பேழைக்குள் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்களாம். வேண்டாம் என்று தடுத்த ரபிகளும் உண்டு. இஸ்ரேலில் பண்டிகை முடிந்த இரவே இன்னொரு முறை சுற்றுகிறார்கள். தடை நீங்கிவிட்டதால் அப்போது வாத்தியங்களும் சேர்ந்துகொள்ளும்.

ஆட்டத்திலும் சுருளின் தோலில் விரல் படக்கூடாது. சுருளை வெறுங்கையால் தொடுவதில்லை. 3,04,805 எழுத்துகள், அத்தனையும் கையால் எழுதியவை. ஓர் எழுத்து அழிந்தாலும் திருத்தும்வரை அதிலிருந்து சபையில் வாசிக்க முடியாது.

1663 அக்டோபர் 14 அன்று லண்டன் யூத ஆலயத்துக்குப் போன சாமுவேல் பெப்பிஸ் இந்தக் கூச்சலையும் சிரிப்பையும் பார்த்து முகம் சுளித்து நாட்குறிப்பில் திட்டித் தீர்த்திருக்கிறார். பாவம், எந்த நாளில் போகிறோம் என்று தெரியாமல் போய் நின்றிருக்கிறார்.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது இன்னொரு சம்பவத்தை. 1945, வில்னா. போருக்குப் பிறகு வந்த முதல் சிம்ஹத் தோரா. கத்தோலிக்கச் செவிலித்தாயிடம் ஒளிந்து வளர்ந்த ஐந்து வயதுப் பையனை அப்பா ஆலயத்துக்குக் கூட்டி வருகிறார். சோவியத் சீருடையில் ஒரு யூதர் அவனைப் பார்க்கிறார். உயிரோடு ஒரு யூதக் குழந்தை! அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினார். சுருளை ஏந்தி ஆடுகிற நாளில் அவர் ஏந்தியது அந்தப் பையனை. பின்னாளில் அமெரிக்க யூதத் தலைவர்களில் ஒருவராக அறியப்பட்ட ஆபிரகாம் ஃபாக்ஸ்மன்தான் அந்தப் பையன்.

இதைப் படித்த இரவு என் கைகளைப் பார்த்துக்கொண்டேன். மகளுக்கு அப்போது கல்யாணமே ஆகியிருந்தது.

மட்டாஞ்சேரியில் கடைசிச் சுற்றில் ஒருவர் நின்றுவிட்டார். வயதானவர். பெட்டியை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றப் பார்த்தார், முடியவில்லை. ஈரக் கல் வேறு. பின்னால் வந்த இரண்டு பேர், பாட்டை நிறுத்தாமலேயே, ஆளுக்கொரு கையைப் பெட்டிக்கு அடியில் கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.