எல்லைச் சாவடியும் நம் பிள்ளைகளும்



சேலம், நாமக்கல் வட்டாரத்தில் மாநில எல்லையைப் பற்றிப் பேசாத லாரிக் குடும்பம் இராது. இங்கு விளையும் முட்டையும் ஜவ்வரிசியும் பல எல்லைகளைக் கடந்தே சந்தையை அடைகின்றன. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் நீக்கப்பட்டன. ஆயினும் போக்குவரத்து, வனம், காவல் எனப் பிற சோதனைகள் எஞ்சி நிற்கின்றன.

விடுமுறையில் நாங்கள் பன்னிரண்டு பேர் வாடகை வேனில் சேலத்திலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் புறப்பட்டோம். 1799இல் போரில் வீழ்ந்த திப்பு சுல்தான் அடங்கியிருக்கும் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது அத்தாவின் நெடுநாள் விருப்பம்.

எல்லையில் ஒரு சாவடியில் வண்டி நிறுத்தப்பட்டது. பெர்மிட், காப்பீடு, தகுதிச் சான்று, புகைச் சான்று, முன்கூட்டியே இணையத்தில் கட்டிய வரியின் ரசீது ஆகிய எல்லாம் சரியாக இருந்தன. அங்கிருந்தவர் அவற்றை மேசையில் வைத்துக்கொண்டு, ஓரமாக நிறுத்தச் சொன்னார். ஓட்டுநர் திரும்பி வந்து மெல்லச் சொன்னார்: "முந்நூறு குடுத்தா விட்டுருவாங்க, பாய்."

பத்து வயது மகன் கேட்டான்: "எதுக்கு அத்தா அந்தக் காசு?"

அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரே விடைதான் இருந்தது. உள்ளே சென்று, குறை என்னவென்று எழுதித் தந்தால் அபராதம் கட்டி ரசீது பெற்றுக்கொள்கிறோம் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. வெயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நின்றோம். சர்க்கரை நோயாளியான அம்மாவுக்கு ஒதுங்கக் கழிவறைகூட இல்லை. புளிய மரத்தடியில் பாய் விரித்து, லுஹரை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுதோம். அதன்பின் ஒரு சொல்லும் இன்றித் தாள்கள் திரும்பி வந்தன.

சிறிது தூரம் சென்றபின் ஓட்டுநர் சொன்னார்: "நீங்க வருசத்துக்கு ஒருக்கா வர்றீங்க, பாய். அடுத்த வாரம் இதே வண்டியில நான் வரணுமுங்க."

அச்சொல் நெஞ்சில் தைத்தது. லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்பதை நாம் அறிவோம். அதே நேரத்தில், தன் உரிமையைப் பெறவும் அநீதியிலிருந்து தப்பவும் வேறு வழியே இல்லாதவன் கொடுத்தால் பாவம் வாங்குபவனையே சாரும் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் பலர் கூறியுள்ளனர். 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டமும் 2018 திருத்தத்திற்குப் பின் இதற்கு நெருங்கியே நிற்கிறது. கொடுப்பதும் குற்றம், கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாள்களுக்குள் முறையிட்டால் அவருக்கு விலக்கு உண்டு. ஆனால், வாரம் முழுவதும் சாலையில் இருப்பவர் எந்த ஊரில் வண்டியை நிறுத்தி முறையிடுவார்?

ஆகவே, மறுக்கும் கடமை முதலில் நம்மைப் போன்றோர் மீதே விழுகிறது. நாம் இழப்பது இரண்டு மணி நேரம். அவர் இழப்பது வாரந்தோறும் வரும் பிழைப்பு. நமக்கு இயன்ற மறுப்பை அவரிடம் எதிர்பார்த்து, அவரை இழிவாக எண்ணுவது நீதியாகாது.

குடும்பத்துடன் புறப்படுவோர் வண்டியின் தாள்களை முன்னரே சரிபாருங்கள். வரி ரசீதின் அச்சுப்படி கையில் இருக்கட்டும். நாளின் திட்டத்தில் இரண்டு மணி நேரத்தைக் கூடுதலாக ஒதுக்குங்கள். நம் மறுப்பால் ஓட்டுநர் காத்திருந்தால், அந்த நேரத்துக்கும் சேர்த்து பேட்டா கொடுங்கள். நம் பேணுதலுக்கு அவர் விலை கொடுக்கலாகாது.

பயணியின் துஆ மறுக்கப்படுவதில்லை என்பது நபிமொழி. அடுத்த பயணத்தில் அந்த துஆவில் ஆண்டெல்லாம் பயணிகளாகவே வாழும் நம் லாரி, வேன் ஓட்டுநர்களையும் சேர்த்துக்கொள்வோம். அவர்களின் வழியை அல்லாஹ் இலேசாக்குவானாக. ஆமீன்.