ஸ்கேனில் தெரிந்த புள்ளி

வழக்கமாகப் பயிரைப் பற்றி எழுதும் நான் இந்த முறை ஒரு நாயைப் பற்றி எழுதுகிறேன்.

சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்குக் காவல், ராஜா என்ற ராஜபாளையம் நாய். சுற்றிலும் பட்டாசு ஆலைகள். வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். 9 வயதில் ஒரு நாள் அப்படிப் படுத்தது எழவில்லை. பயத்தில் கிடக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். சாயங்காலம் உதட்டை விலக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடந்தது, வயிறு உப்பியிருந்தது.

விடியும் முன்பே வண்டி பிடித்து, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். ஸ்கேனில் மண்ணீரலில் கட்டி, வயிற்றுக்குள் ரத்தக் கசிவு. கல்லீரலிலும் 3 புள்ளிகள். "பரவிருச்சு சார், ஊசி போட்டு அனுப்பிருங்க" என்றார் கூட வந்த பக்கத்துத் தோட்டக்காரர். நானும் தலையாட்டிவிட்டேன்.

டாக்டரம்மாதான் நிறுத்தினார். "சார், இலையில புள்ளியைப் பார்த்ததுமே இன்ன நோய்னு முடிவு பண்ணுவீங்களா? வயசான நாய்க்குக் கல்லீரல்ல சாதாரண முடிச்சும் வரும். ஸ்கேன்ல ரெண்டும் ஒண்ணுபோலத் தெரியலாம். சதை எடுத்துப் பார்த்தாத்தான் உறுதி" என்றார்.

நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரலில் பரவல் தெரியவில்லை. ரத்தம் ஏற்றி, மண்ணீரலை எடுத்தார்கள். அது இல்லாமலும் நாய் வாழும். வயிறு திறந்திருக்கும்போதே கல்லீரலைத் தடவிப் பார்த்து, புள்ளி இருந்த இடத்தில் துளி சதை எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மண்ணீரலில் இருந்தது ரத்தக்கட்டு, கல்லீரலில் மூப்பு முடிச்சு. ராஜா இன்னும் 2 வருடம் தோட்டம் காத்தது.

எல்லா நாய்க்கும் இப்படி அமையாது. மண்ணீரல் கட்டிகளில் தோராயமாக மூன்றில் இரண்டு பங்கு புற்று என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அதில் பெரும்பாலானது ரத்தநாளப் புற்று. கல்லீரலுக்குச் சீக்கிரம் பரவும், அறுவைக்குப் பிறகும் பெரும்பாலும் சில மாதமே ஆயுள். ஸ்கேனில் சுத்தமாகத் தெரியும் கல்லீரலிலும் அது ஒளிந்திருக்கலாம். இவ்வளவு செலவு செய்ய முடியாதவர்கள், வலியில்லாமல் விடை கொடுப்பதிலும் தவறில்லை. ஆனால் புள்ளியை மட்டும் பார்த்து அந்த முடிவை எடுக்க வேண்டாம்.

மாதம் ஒரு தடவை நாயின் ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் என்னைப்போல் சாயங்காலம் வரை காத்திருக்காதீர்கள்.